மூன்றுக்கு நாலு

சிவப்புத் துணி கண்ணுக்கு நேராக இருக்கிறது. அப்படியென்றால் இது ஆறு மீட்டர். துணியைக் கட்டியது நான்தான், காலையில் படகில் உட்கார்ந்து கயிற்றை அளந்து, ஈரத்தில் நழுவாதபடி இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன், அது தானாகக் கீழே இறங்கியிருக்காது, ஆகவே ஆறு மீட்டர்தான், பயப்பட ஒன்றுமில்லை. கை கயிற்றில் இருக்கிறது. தலைக்கு மேலே படகின் அடிப்பாகம் கறுப்பாக ஆடுகிறது, அதைச் சுற்றி வெயில். இங்கே நிற்க வேண்டும், நிற்பது என்றால் தொங்குவது, கீழே ஐம்பத்து நாலு மீட்டரில் மூச்சோடு மூச்சாக உடம்புக்குள் ஏறிய நைட்ரஜன் வந்த வழியே மெல்ல மெல்லத் திரும்பிப் போகிறவரை சும்மா தொங்குவது. அவசரப்பட்டு மேலே போனால் குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த கதைதான், ரத்தம் பொங்கும், மூட்டு மடங்காது, முதுகுத் தண்டில் போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டு காலும் போச்சு. இதெல்லாம் தெரிந்த சங்கதி. இருபது வருஷமாக இப்படித் தொங்குகிறேன். தொங்குகிற நேரத்தில் சிலர் செபமாலை சொல்வார்கள். நான் வீட்டு வேலையை யோசிப்பேன், மோட்டாருக்கு வாஷர் மாற்ற வேண்டும், மாடிக் கதவு மழைக்கு ஊதிப்போய் அடைக்க வரவில்லை, என் வீட்டுக்காரி ரீத்தா ஒரு மாதமாகச் சொல்கிறாள். இன்றைக்கு அந்த யோசனை ஓட மாட்டேன் என்கிறது. வாஷர் என்று ஆரம்பித்தால் டென்சில் என்று வந்து நிற்கிறது. டென்சில் இன்னும் வரவில்லை. என் தங்கை கிறிஸ்டில்லாவின் புருஷன், என்னோடு கீழே இருந்தவன், மிச்ச வேலையை முடித்துக்கொண்டு என் பின்னாலேயே கிளம்பியிருக்க வேண்டும். வருவான். கயிற்றைக் குனிந்து பார்த்தால் பச்சைக்குள் போய் மறைகிறது. அதில் யாரும் இல்லை.

எல்லாம் சரியாகத்தான் செய்துவிட்டு வந்தேன். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கலாம், நினைக்க நேரம் இருக்கிறது. இறங்கினோம். மூழ்கிக் கிடக்கிற இழுவைப் படகின் பின்பக்கம் போனோம். தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டுகிற அதன் காற்றாடியைக் கழற்ற வேண்டும், வெண்கலம், கோமஸ் முதலாளிக்கு அதன் மேல்தான் கண். முப்பது மீட்டர் தாண்டினதும் மப்பு வந்தது, வழக்கம்போல. மப்பு என்றுதான் நாங்கள் சொல்லுவோம். மேலே யாருக்கும் ஒன்றும் செய்யாத இதே காற்று அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் ஏறினதும் சாராயமாகிவிடும், சிலிண்டரில் இருக்கும் நைட்ரஜன் மண்டைக்குள் போய் நாற்காலி போட்டு உட்காரும். புதுசாக இறங்குகிறவன் சிரிப்பான், மீனிடம் பேசுவான், ஒருத்தன் வாயில் இருந்த குழாயைக் கழற்றி மீனுக்குக் கொடுக்கப் போனான், நான்தான் பிடித்துத் திருப்பிச் செருகினேன். ஹீலியம் கலந்து கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஹீலியம் வாங்க முதலாளிக்கு மனசு வராது. அதனால் பழக்குவோம். வேலை தொடங்குவதற்கு முன்னால் தினம் ஒரு முங்கு, நேற்றைவிட இன்று கொஞ்சம் ஆழம், இன்றைவிட நாளை, உடம்பு ஊறி ஊறிக் கடைசியில் மப்பு மப்பாகத் தெரியாது. எனக்கு அது எப்போதோ தெரியாமல் போய்விட்டது. இந்த ரெமிக்கு மப்பு தலைக்கு ஏறாது என்று தூத்துக்குடியில் முங்குகிற எல்லோருக்கும் தெரியும். ரெமி ஐம்பது மீட்டரில் கணக்குப் போடுவான் என்பார்கள். இன்றைக்கும் காதில் லேசாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான், என் கை என் கையாகத்தான் இருந்தது. மூன்று நட்டுக் கழற்றினேன். கடைசி நட்டு டென்சிலுக்கு. ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தேன். கிளம்புவதற்கு முன்னால் அவன் முகத்துக்கு நேராக மூன்று விரல் காட்டினேன், அவன் நாலு காட்டினான். தெளிவாக இருக்கிறான் என்று அர்த்தம். அதன் பிறகுதான் கயிற்றைப் பிடித்தேன். இதில் என்ன குறை.

மூன்றுக்கு நாலு. நான் எத்தனை விரல் காட்டுகிறேனோ அதற்கு ஒன்று கூட்டி நீ காட்டு, கூட்ட முடிந்தால் உன் மூளை வேலை செய்கிறது, முடியாவிட்டால் உன்னைப் பிடித்து மேலே கொண்டுபோவேன், அவ்வளவுதான் அந்தச் சோதனை. ஆரம்பத்தில் எல்லா எண்ணும் கேட்டோம். பிறகு கையுறை போட்ட கையில் ஒன்றும் இரண்டும் சரியாகத் தெரியவில்லை என்றார்கள், நாலு கேட்டால் ஐந்துக்குக் கட்டை விரல் மடங்கிக்கொள்கிறது என்றார்கள், கடைசியில் மூன்று நிலைத்துவிட்டது. மூன்று என்றால் நாலு. யாரும் வேறு எண் கேட்பதில்லை. எப்போது நின்றது என்றுகூட ஞாபகம் இல்லை. அப்புறம் அது தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது. டீக்கடையில் எதிரே டென்சில் வந்தால் நான் மூன்று காட்டுவேன், அவன் நாலு காட்டுவான், வணக்கம் சொன்ன மாதிரி. கல்யாணத்தன்று கோயில் வாசலில் பூமாலையோடு நின்றவனுக்கு மூன்று காட்டினேன், மாப்பிள்ளை கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து நாலு காட்டினான், கேமராக்காரன் அதையும் எடுத்துவிட்டான், கிறிஸ்டில்லா இன்னும் அந்தப் படத்தைக் காட்டித் திட்டுவாள், "எங்க கல்யாணத்துலயும் ஒங்க கடல்தானா அண்ணே?" என்று. இப்போது அவர்கள் மகள் அலோனா. பேச்சு வரவில்லை, அப்பாவைத் தாத்தா என்கிறாள், காக்காவையும் தாத்தா என்கிறாள், ஆனால் மூன்று விரல் காட்டினால் போதும், தொட்டிலுக்குள்ளிருந்து கட்டை விரலை மடக்கி நாலு காட்டுவாள். போன ஞாயிற்றுக்கிழமை காட்டினாள். எல்லோரும் கை தட்டினோம். அவளுக்கு எண்ண வராது. ஒன்று என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அவள் காட்டினாள், சரியாகக் காட்டினாள். இதை ஏன் இப்போது நினைக்கிறேன். எண்ணத் தெரியாத பிள்ளை நாலு காட்டுகிறது என்றால், கீழே டென்சில் காட்டிய நாலு எதைக் காட்டியது?

இல்லை, டென்சில் நல்லாத்தான் இருந்தான். நல்லாத்தான் இருந்தானா? கண்ணாடிக்குள்ளே அவன் கண்ணைப் பார்த்தேனா? கையைத்தான் பார்த்தேன். அவன் சிலிண்டர் மீட்டரைப் பார்த்தேன், முள் இருந்தது, முள்ளைப் பார்த்த ஞாபகம் நன்றாக இருக்கிறது, எங்கே நின்றது என்பதுதான் இல்லை. காலையில் படகில் அவன் சொன்னான். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத மாதிரித்தான் சொன்னான். "மச்சான், நேத்து கீழ எனக்கு ஒரு மாதிரி வந்துட்டு. என்ன செய்யுதேன்னே தெரியாம ஒரே நட்டத் தடவிக்கிட்டு இருந்தேன். தல சரியில்ல மச்சான்." நான் என்ன சொன்னேன்? "பழகிரும் மாப்ள, எனக்கும் மொதல்ல அப்படித்தான்." அத்தோடு விட்டேனா? இல்லை. கோளாறு என்பதற்கு நாங்கள் வைத்திருக்கிற சைகையை, உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, பிறகு தலையைத் தொட்டு, படகில் இருந்த எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன், மாப்பிள்ளைக்குத் தலை சரியில்லையாம் என்று. படகோட்டி சிரித்தான், எஞ்சின் பையன் சிரித்தான், டென்சிலும் இட்லியை மென்றுகொண்டே சிரித்தான். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்க விடவில்லை நான். எனக்கு இந்தக் கிண்டல் கூடப் பிறந்தது, வாயை அடக்கத் தெரியாது, ரீத்தா சொல்லாத நாளில்லை.

அந்த டாக்டரம்மா சொன்னதும் இப்போதுதான் வர வேண்டுமா. துறைமுகத்தில் பரிசோதனைக்கு வந்தவர், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, முங்குகிறவர்களைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. இரும்பு அறைக்குள் என்னையும் இரண்டு புதுப் பையன்களையும் அடைத்து அழுத்தம் ஏற்றினார்கள், ஐம்பது மீட்டர் ஆழத்துக்குச் சமமாக. உள்ளே சீட்டு பிரிக்க வேண்டும், விளக்கு எரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள், சீட்டைக் கீழே போட்டார்கள். நான் அமைதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தேன். வெளியே வந்து, "எனக்கு ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். டாக்டரம்மா கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரெமி, அவங்க எவ்வளவு லேட்டா பொத்தான அமுக்கினாங்களோ அவ்வளவு லேட்டாத்தான் நீங்களும் அமுக்கியிருக்கீங்க. தப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தப்பு பண்றோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியல." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வீட்டுல புகை வருது, தினம் மோந்து மோந்து உங்களுக்கு மூக்கு பழகிடுச்சு. அதனால நெருப்பு அணைஞ்சுடுச்சுன்னு அர்த்தமா? மயக்கம் அப்படியேதான் இருக்கு. மயங்கியிருக்கோம்கிற நினைப்புதான் உங்களுக்குப் போயிடுச்சு. அதுதான் ஆபத்து. பழக்கறேன்னு சொல்லித் தினம் தினம் இறங்குறீங்களே, முந்தின நாள் வாயு வெளிய போறதுக்குள்ள அடுத்த நாள் வாயு. எலும்பையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க." எலும்பைப் பார்க்க ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். நான் போகவில்லை. போனால் ஏதாவது தெரிந்துவிடும். எங்களோடு முங்கிக்கொண்டிருந்த வியாகுலம் அண்ணன் போனார், இடுப்பு எலும்பின் குமிழுக்கு ரத்தம் போகாமல் அது உள்ளேயே செத்துப்போயிருந்தது, வாயுக் குமிழி அடைத்து அடைத்துச் சாகுமாம், ஐம்பது வயசு ஆகவில்லை, கக்கூஸுக்குப் போகக்கூடச் சுவரைப் பிடிக்கிறார். அவரும் பழக்கப்படுத்தின ஆள்தான். எனக்கு வலது தோளில் ஒரு வலி இருக்கிறது, ஆறு மாசமாக. தூங்கும்போது ஒருக்களித்துப் படுத்த வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதும் இருக்கிறது. கயிற்றைப் பிடித்திருக்கிற கை அதுதான், கையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டேன். டென்சில் வரவில்லை.

இடது கையை மேலே கொண்டுபோகும்போது இடுப்பில் ஏதோ இடித்தது. சிலிண்டர் பட்டையாக இருக்கும். பட்டைதான். பட்டை இவ்வளவு கனமாக இருக்காது. தொட்டுப் பார்க்காதே, தொட்டுப் பார்த்தால்தான் அது என்ன என்று ஆகும், அதுவரை அது பட்டை. ஸ்பேனரை டென்சில் கையில் கொடுத்தேன், பச்சைக் கயிறு கட்டிய பெரிய ஸ்பேனர், கொடுத்தபோது அவன் கை ஒரு நிமிஷம் தாழ்ந்தது, அதன் கனத்துக்கு, கண்ணால் பார்த்தேன், இதோ இப்போதும் பார்க்கிறேன். பச்சைக் கயிறு அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் ஒரு களவா மீன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. களவா மீன் நின்றது நேற்று. நேற்று நான்தான் டென்சிலிடம் மேலே வந்து அதைச் சொன்னேன், உன் முகம் மாதிரியே இருந்தது என்று. அப்படியென்றால் ஸ்பேனர் கொடுத்ததும் நேற்று. இன்றும் கொடுத்திருப்பேன். நேற்று கொடுத்த மாதிரியே இன்றும் கொடுத்திருப்பேன், முந்தாநாள் கொடுத்த மாதிரி, எல்லா நாளும் ஒரே நாள்தான் கீழே, வேலை ஒன்று, இடம் ஒன்று, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. மேலேயே இப்படி ஆகத் தொடங்கியிருக்கிறதே. போன மாதம் மீன் மார்க்கெட்டுக்கு வண்டியில் போய்விட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன். ரீத்தா வாசலைப் பார்த்துவிட்டு, "வண்டி எங்க?" என்றாள். "என்ன வண்டி?" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, திரும்ப நடந்து போய் வண்டியை எடுத்து வந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. கிண்டல்காரனாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது, எது வந்தாலும் கிண்டல் என்று போய்விடும். தொட்டுப் பார். தொட்டுப் பார்த்துவிடு.

ஸ்பேனர். கயிறோடு, கொக்கியில் மாட்டி, என் இடுப்பில்.

ஆக நான் கொடுக்கவில்லை. நட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, கழற்றுகிற சாமானை இடுப்பில் மாட்டிக்கொண்டு மூன்று விரலைக் காட்டியிருக்கிறேன், அவனும் வெறுங்கையோடு நின்றுகொண்டு நாலு விரலைக் காட்டியிருக்கிறான், இரண்டு பேரும் பாஸ். கிறிஸ்டில்லா, அம்மா தாயே, நான் என்ன செய்துவிட்டேன். அவன் இப்போது கீழே ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருப்பான். மப்பில் இருக்கிறவனுக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டால் அது விடாது, அதுதான் மப்பின் குணம், காற்று தீர்வதைப் பார்க்க மாட்டான், நேரத்தைப் பார்க்க மாட்டான், மணலைத் தடவுவான், காற்றாடியின் அடியில் தடவுவான், திரும்ப மணலைத் தடவுவான், நேற்று ஒரே நட்டைத் தடவிக்கொண்டிருந்த மாதிரி, அவன்தான் சொன்னானே, காலையில் சொன்னானே, சொல்லச் சொல்ல நான் கையை ஆட்டி நடித்தேனே. அவன் குமிழி வருகிறதா? மூச்சு விட்டால் குமிழி மேலே வந்தாக வேண்டும். பச்சைக்குள் உற்றுப் பார்க்கிறேன். நீரோட்டம் வடக்கே இழுக்கிறது, குமிழி அந்தப் பக்கம் போயிருக்கும், இங்கிருந்து தெரியாது. தெரியாதுதான். இல்லை என்பதற்கும் தெரியாது என்பதற்கும் இங்கிருந்து பார்த்தால் வித்தியாசம் இல்லை. கயிற்றை வேகமாக இழுத்து ஆட்டினால் மேலே தெரியும், ஆனால் மேலே இருப்பது படகோட்டியும் எஞ்சின் பையனும், இரண்டு பேருக்கும் முங்கத் தெரியாது, ஆட்டினால் எட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் அவர்களால் முடியும். நான்தான் போக வேண்டும். போகலாம், இங்கே தொங்க வைத்திருக்கிற சிலிண்டரில் காற்று இருக்கிறது. போனால் மறுபடியும் அதே ஐம்பத்து நாலு மீட்டர். போகிற வழியில் இந்தப் புத்தி என்னிடமிருந்து கழன்றுவிடும், கழன்றது எனக்குத் தெரியாது, தெளிவாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொள்வேன், அவன் பக்கத்தில் போய் நின்று மூன்று விரல் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அப்படி வந்தால் இங்கே தொங்கிக்கொண்டு எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று யோசிப்பேன். ஒருவேளை ஏற்கெனவே அப்படிப் போய்விட்டு வந்துதான் தொங்குகிறேனோ. எனக்குப் பயமாக இருக்கிறது. கடலைப் பார்த்துப் பயந்தது போதும் என்று இருபது வயசில் விட்டேன், இது அந்தப் பயம் இல்லை. பிடித்துக்கொண்டு நிற்கிற இடமே என் தலைதான், அது ஆடுகிறது.

போய்த்தான் ஆக வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே சொல்லிக்கொண்டு போகலாம், திரும்பத் திரும்பச் சொன்னால் அங்கே போயும் அது நிற்கும்: அவன் பட்டையைப் பிடி, இழு, மேலே வா. விரல் காட்டாதே. பட்டையைப் பிடி, இழு, மேலே வா. தொங்கிய சிலிண்டரை அவிழ்த்து மாட்டிக்கொண்டு அதன் குழாயை வாயில் மாற்றினேன், ரப்பர் வாடையும் உப்பும். கயிற்றை ஒரு பிடி இறங்கினேன். சிவப்புத் துணி என் நெற்றிக்கு மேலே போனது. இன்னொரு பிடி. காது அடைத்தது. பட்டையைப் பிடி, இழு. கிறிஸ்டில்லாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்காதே. அலோனா தொட்டிலில் நிற்பதை நினைக்காதே. மேலே வா. விரல் காட்டாதே. அப்போது கயிறு என் கையில் அசைந்தது. நீரோட்டமாக இருக்கும். மறுபடியும் அசைந்தது, கீழேயிருந்து, ஒரு இழுப்பு, நிறுத்தம், ஒரு இழுப்பு, யாரோ கைமாற்றிக் கைமாற்றி ஏறுகிற மாதிரி. பச்சைக்குள் ஒரு குமிழிக் கொத்து பெரிசாகிக்கொண்டே வந்து என் முகத்தில் உடைந்தது. அதன் பின்னால் மஞ்சள் சிலிண்டர். அதன் பின்னால் டென்சில்.

வந்துவிட்டான். மாதாவே, வந்துவிட்டான். ஒன்பது மீட்டர் முடிச்சில் நின்று அண்ணாந்து பார்க்கிறான். கண்ணாடிக்குள் கண் இருக்கிறது, இரண்டு கண்ணும், பார்க்கிற கண். அங்கே அவன் நிற்க வேண்டிய நேரம் நின்றான், மீட்டரைப் பார்த்துப் பார்த்து நின்றான், நான் ஒரு வார்த்தை யோசிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு சிவப்புத் துணிக்குத் திரும்பிப் போய் நின்றேன். பிறகு அவனும் ஏறி எதிரே வந்தான். என் இடுப்பில் தொங்குகிற ஸ்பேனரைத் தொட்டு ஆட்டிக் காட்டினான், கையை விரித்தான், தலையில் அடித்துக்கொண்டான். எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா என்கிறான். சிரிக்கிறான், சிரிப்புக் குமிழி படபடவென்று மேலே போகிறது. எனக்குக் கண்ணாடிக்குள்ளேயே அழுகை வந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவனாகவே தேடுவதை விட்டுவிட்டு ஏறி வந்திருக்கிறான், நேரம் பார்த்திருக்கிறான், காற்றுப் பார்த்திருக்கிறான், என்னைவிடத் தெளிவாக இருந்திருக்கிறான், தலை சரியில்லை என்று தெரிந்திருந்த பயம் அவனைக் காப்பாற்றியிருக்கிறது. மேலே போனதும் சொல்லிவிட வேண்டும், மாப்ள, மூன்று நாலு எல்லாம் இனி வேண்டாம், எண்ணை மாற்றி மாற்றிக் கேட்போம் என்று. மேலே போகும்வரை எதற்கு? இப்போதே கேட்கலாம். இரண்டு காட்டுவேன். இரண்டு காட்டினால் அவன் மூன்று காட்ட வேண்டும். இங்கே ஆறு மீட்டர், மப்புக்கு வேலையே இல்லாத இடம், காட்டிவிடுவான். கையை அவன் முகத்துக்கு நேராக உயர்த்தி இரண்டு விரல் காட்டினேன்.

நாலு காட்டினான்.

இல்லை மாப்ள, பார், நன்றாகப் பார்த்துச் சொல். இரண்டு. கையை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனேன். அவன் பார்த்தான், தெளிவாகப் பார்த்தான், தலையை ஆட்டிக்கொண்டே நாலு காட்டினான். ஐயோ, இவனுக்கும் போய்விட்டதா, மேலே வந்தும் தெளியவில்லையா, கிறிஸ்டில்லாவிடம் உடம்பை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறேனா. அவன் முகத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அவன் என் கையைப் பார்க்கிறான். நானும் என் கையைப் பார்த்தேன். மூன்று விரல் நின்றுகொண்டிருந்தது. ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல். நான் இரண்டு என்றுதான் சொன்னேன். மண்டைக்குள் இரண்டு என்று சொன்ன சத்தம் இன்னும் இருக்கிறது. மோதிர விரலை மடக்கு என்றேன், மடங்கியது, இரண்டு ஆனது, நல்லது, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கையைப் பார்த்தேன், மூன்று நின்றது. சிவப்புத் துணி கண்ணுக்கு நேராக இருக்கிறது. இது ஆறு மீட்டர். இங்கே மப்பு கிடையாது. இங்கே இருப்பது நான் மட்டும்தான்.

இதை ஒருத்தருக்காவது காட்ட வேண்டும், இப்போதே, மேலே போய்ச் சேருவதற்குள் எனக்கே மறந்து போவதற்குள். இருபது வருஷத்தில் எனக்காக ஒரு தடவைகூடக் காட்டாத சைகை அது. உள்ளங்கையை விரித்தேன், இப்படியும் அப்படியும் ஆட்டினேன், என் தலையைத் தொட்டேன். டென்சில் கூர்ந்து பார்த்தான். மறுபடியும் ஆட்டினேன், மறுபடியும் தலையைத் தொட்டேன், எனக்கு மாப்ள, எனக்கு. அவன் கண் ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு காலையில் படகில் நான் அவனை நடித்துக் காட்டியது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், கண்ணாடிக்குள் கண் இடுங்கியது, குமிழி கொட்டக் கொட்டச் சிரித்தான். நான் திரும்பவும் தலையைத் தொட்டேன். அவன் என் தோளில், வலிக்கிற தோளில், செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நான் கேட்காமலே நாலு விரலைக் காட்டினான்.